மேலே இன்னொரு தாள் ஒட்ட வேண்டும்

அக்காவின் மகளுக்குப் பாடசாலையில் ஓர் ஒப்படை. பழைய தலைநகரம் ஒன்றின் பிரதான வீதியைப் பற்றி எழுதி, வரைபடமும் போட வேண்டுமாம். "மாமா, கண்டிக்குப் பிரதான வீதி எது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் "தலதா வீதிதானே?" என்று அவளே எழுதத் தொடங்கிவிட்டாள்.

எழுதட்டும், பிழையில்லை. கிழக்கே புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகை, பக்கத்தில் குளம், மூலையில் குயின்ஸ் ஹோட்டல், மேற்கே மணிக்கூட்டுக் கோபுரம். இடையில் ஒரு கிலோமீற்றர் கூட வராது. சின்ன வயதில் தீபாவளித் துணி எடுக்கப் புசல்லாவை பஸ்ஸில் வந்து குட்செட் பஸ் நிலையத்தில் இறங்குவோம். அப்பா என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருப்பார். மணிக்கூட்டைக் கண்டதும் "இது ஒரு தகப்பன் செத்துப்போன மகனுக்காகக் கட்டியது" என்பார், ஒவ்வொரு முறையும். விபத்தில் இறந்த சாக்கி இஸ்மாயிலின் நினைவாக அவருடைய தந்தை எழுப்பியது அது. அப்பா அதைச் சொல்லும்போது பிடி இன்னும் கொஞ்சம் இறுகும்.

அரசர் காலத்துக் கண்டியும் ஏறக்குறைய இதே சதுரங்கப் பலகைதான். மாளிகையும் தெய்வக் கோயில்களான தேவாலயங்களும் ஒரு பக்கம், அவற்றுக்கு வடக்கிலும் மேற்கிலும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் தெருக்கள். ஓடு வேய்ந்து சுவருக்குச் சுண்ணாம்பு பூசும் உரிமை பிரதானிகளுக்குத்தான், மற்றவர்களுக்கு மண்சுவரும் கூரையும். (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயங்களுக்கு அப்படியொரு சட்டம் போட எந்தத் தோட்டத்துரையும் மெனக்கெடவில்லை. தகரத்தைப் போட்டான், முடிந்தது.)

குளம் மட்டும் புதிது. வயலாகக் கிடந்த நிலத்தில் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1807இல் அணை கட்டித் தேக்கியது. அந்தக் கட்டுமான வேலைகளுக்கு ஊழியம் செய்யப் பிடித்துவரப்பட்டவர்கள் அவன்மேல் கசந்ததும் கதையின் ஒரு பகுதி. அவனுடைய இயற்பெயர் கண்ணுசாமி, மதுரை நாயக்கர் வழி. 1815இல் வெள்ளைக்காரன் அவனைப் பிடித்து வேலூருக்கு அனுப்பினான், 1832இல் அங்கேயே இறந்தான். நாயக்கர் உறவினர்கள் குடியிருந்த தெருவை ஆங்கிலேயர் மலபார் வீதி என்றார்கள். போன மாதம் ஒரு த்ரீவீல்காரரிடம் அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். "அப்படியொரு கடை தெரியாது" என்றார்.

பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. தலதா வீதிக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் வோர்ட் வீதி, 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த ஹென்றி வோர்டின் பெயர். யட்டிநுவர வீதிக்கு இன்னொரு தேசாதிபதி பிரௌன்றிக்கின் பெயர். ஆங்கிலேயருக்கு எதிரான 1818 கிளர்ச்சியை ஊர் ஊராக எரித்து அடக்கியவரின் பெயரைத் தெருவில் வைத்துக்கொண்டு எந்த நாடு இருக்கும்? எடுத்தது சரி. அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன்.

எனக்கு உறுத்துவது வேறு தெரு. மாளிகைப் பக்கமிருந்து வடக்கே, டிரினிட்டி கல்லூரியைத் தாண்டிக் கட்டுகஸ்தோட்டைக்குப் போகிறதே, அந்தத் திருகோணமலை வீதி. கோப்பித் தோட்ட வேலைக்குத் தமிழகத்திலிருந்து வந்து மன்னார்க் கரையில் இறங்கிய எங்கள் முன்னோர் வன்னிக் காட்டைத் தாண்டி, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளைக்கு நடந்தார்கள். மாத்தளையிலிருந்து வரும் பாதை கட்டுகஸ்தோட்டையில் மகாவலியைக் கடந்து இந்த வீதியால்தான் கண்டிக்குள் நுழைகிறது. நூறு மைலுக்கு மேல் நடை. ரயில் கண்டிக்கு வந்தது 1867இல், கோப்பித் தோட்டங்கள் தொடங்கியது 1820களில். இடைப்பட்ட நாற்பது ஆண்டுகள் கால்தான் வண்டி. வாந்திபேதியிலும் அம்மையிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களை விட்டுவிட்டு, மிஞ்சியவர்கள் ஆள் சேர்த்து அழைத்துவந்த கங்காணிக்குப் பின்னால் இந்த மண்ணில் கால் வைத்தார்கள். கண்டிச்சீமை என்று ஊரில் கேள்விப்பட்டதை முதன்முதலில் கண்ணால் கண்ட தெரு அது. அவர்கள் தலதா வீதியைப் பார்த்தார்களோ இல்லையோ, அதில் நின்று பார்க்க யாரும் விட்டிருக்க மாட்டார்கள்.

அந்தத் தெருவின் இன்றைய பெயர் டி.எஸ். சேனாநாயக்க வீதி.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தைக் கொண்டுவந்தது அவருடைய அரசாங்கம். நடந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானது அதனால்தான். பெயர் வைத்தவர்கள் எங்களை நினைத்து வைத்திருக்க மாட்டார்கள். எங்களை நினைக்கவே இல்லை என்பதுதான் என் கோபம். அவர் நாட்டின் முதல் பிரதமர், அவர் பெயரில் ஒரு வீதி இருப்பது இயல்பு. அதை மாற்று என்று கொடி பிடிக்கச் சொல்லவில்லை. பெயர்ப் பலகைக்குக் கீழே இன்னொரு சின்னப் பலகை வைக்கலாமே. கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர்கள் இந்த வழியாக நடந்தார்கள் என்று மூன்று மொழியில் மூன்று வரி. தமிழ் வரியை அச்சுக்குக் கொடுக்குமுன் தமிழ் தெரிந்த ஒருவரிடம் காட்டினால் புண்ணியம். எங்கள் பக்கத்துப் பலகை ஒன்றில் 'வீதி' என்ற சொல்லில் சுழி இடம் மாறி 'விதீ' ஆகி மூன்று வருடமாகத் தொங்குகிறது.

தலதா வீதியில் நடக்கும்போது எனக்கு இன்னும் கை சட்டைப் பைக்குப் போகும். அடையாள அட்டை இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கும் பழக்கம். 1998 ஜனவரியில் மாளிகை வாசலில் குண்டு வெடித்த பிறகு முன்பாதையை வாகனங்களுக்கு மூடினார்கள். நகரத்து நெரிசலுக்கு அதுவும் ஒரு காரணம் என்று பஸ்காரர்கள் இன்றைக்கும் அலுத்துக்கொள்வார்கள். தமிழர்களான எங்களுக்குப் போர் நடந்த அந்த ஆண்டுகளில் அட்டைச் சோதனைதான் கவலை, நெரிசல் ஒரு பொருட்டே இல்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது அவள் பென்சிலைக் கடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தலதா வீதியை அழிக்காமல் அப்படியே வைத்துவிட்டு, திருகோணமலை வீதிக்குத் தடித்த கோடு போட்டாள். கோடு கட்டுகஸ்தோட்டைக்குப் போனது, மாத்தளைக்குப் போனது, தாளின் விளிம்பில் முட்டி நின்றது. மன்னார் வரைக்கும் போக இடமில்லை, மேலே இன்னொரு தாள் ஒட்ட வேண்டும் என்கிறாள். பசை வாங்கக் கடைக்குக் கிளம்புகிறேன்.