ஷட்டருக்குப் போய் பிளாஸ்டிக்கா?

போன வாரம் நீலகிரி மஞ்சூர் டீக்கடையில் அணை ஷட்டருக்கு பிளாஸ்டிக் புஷ் (ஷட்டரின் அச்சுப் பின் உரசித் திரும்புகிற குழல் வளையம்) போடுவதைப் பற்றிப் பேச்சு வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வந்த நண்பர் ஒருவர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குக் கோபம்தான் வந்தது. இருபது வருஷமாக இங்கே லேத் பட்டறை வைத்து, தேய்ந்துபோன கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ்களுக்கு மாற்று கடைந்து கொடுத்தவன் நான்.

நம்ம மலையில் ஷட்டருக்கு வருஷத்தில் பத்து மாதம் நிற்பதுதான் வேலை. அப்புறம் ஆடி மழையில் ஒரு ராத்திரி, மக்கர் பண்ணாமல் எழ வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அந்த மாதிரி ராத்திரி. அதுவரை சும்மா கிடந்த கிரீஸ் இறுகி, மணலையும் சேர்த்துப் பிடித்து, உப்புத்தாள் வேலை பார்க்கும். கிரீஸ் கன்னைத் தூக்கிக்கொண்டு பனியில் ஏணி இறங்குகிற ஆளைக் குறை சொல்ல மாட்டேன், கிரீஸ் ஏற்றுகிற நிப்பிளே அடைத்துக் கிடந்தால் அவர் என்ன செய்வார்?

கிரீஸ் கேட்காத, டெஃப்லான் (ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிற பிளாஸ்டிக்) கலந்த புஷ் ஜெயிக்கிற இடம் இதுதான். பொதுவாக எதையும் ஓட்டுவதைவிட முதலில் அசைக்கத்தான் அதிகம் இழுக்க வேண்டும். டெஃப்லானில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. தேயத் தேய அது அச்சுப் பின் மேலேயே மெல்லிசாகப் படிந்துகொள்கிறது, அதற்குப் பிறகு டெஃப்லானும் டெஃப்லானும்தான் உரசும். வெறும் டெஃப்லான் பாரத்தில் பிதுங்கிவிடும், அதனால்தான் கண்ணாடி இழையோ வெண்கலத் தூளோ சேர்க்கிறார்கள்.

சரி, பிளாஸ்டிக் என்றால் எல்லாம் ஒன்றா? இல்லை, நானே பட்டிருக்கிறேன். ஒரு எஸ்டேட் தடுப்பணை மதகுக்கு, கையில் இருந்த நைலான் கட்டையில் புஷ் கடைந்து கொடுத்தேன், கன்மெட்டலுக்கு விடுகிற அதே இடைவெளி விட்டு. நைலான் தண்ணீர் குடிக்கும். மழை முடிவதற்குள் ஊதிப்போய் பின்னைக் கவ்விக்கொண்டது, வெட்டித்தான் எடுத்தோம். பாலிஎதிலீன் தண்ணீரே குடிக்காது என்று சொல்லலாம், ஆனால் சூட்டுக்கு இரும்பைவிடப் பல மடங்கு விரியும், அதற்கும் இடம் விட வேண்டும். அச்சுப் பின்னும் வழவழப்பான எவர்சில்வராக இருக்கட்டும். துருப்பிடித்த பின்னைப் பழையபடியே விட்டுவிட்டு புதுப் புஷ்ஷைத் திட்டுகிறவர்களிடம் எனக்குப் பேச்சே இல்லை.

சிரித்த நண்பருக்கு ஒன்று சொன்னேன். எங்கள் குந்தா அணைத் தண்ணீர் கீழே பில்லூர் அணைக்குப் போய், அங்கிருந்து அவர் ஊர்க் குழாய்க்குத்தான் குடிக்கப் போகிறது. ஷட்டரில் நாங்கள் அடைக்கிற கிரீஸ் மழையில் கழுவிக்கொண்டு எங்கே போகும் என்று கேட்டேன். டீயைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "புஷ் என்ன விலை?" என்றார்.