கொட்டகையில் நிற்கும் வண்டி தின்னும் காசு

பாளையங்கோட்டையில் என் வீட்டு வாசலில் கார் நிற்பதைப் பார்த்து யார் பேச்சுக் கொடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணாச்சி, லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கு?" பதினாறு கிலோமீட்டர் என்பேன். கேட்டவருக்கு முகம் வாடிவிடும். தம் மைத்துனரின் டீசல் வண்டி இருபத்தொன்று கொடுப்பதாகச் சொல்லிவிட்டு நகர்வார். சிறுவயதிலிருந்தே கார்ப் பித்துப் பிடித்தவன் நான். பதினோரு ஆண்டுகளாகப் பெட்ரோல் பில் முதல் பஞ்சர் கூலி வரை ஒரு நோட்டில் எழுதியும் வருகிறேன். அந்த நோட்டை வைத்துச் சொல்கிறேன், வண்டி வாங்கப் போகிறவர் முதலில் யோசிக்க வேண்டியது ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டப்போகிறோம் என்பதைத்தான்.

2014இல் வாங்கிய என் பெட்ரோல் ஸ்விஃப்ட் ஆண்டுக்குச் சராசரியாக 7,000 கிலோமீட்டர் ஓடுகிறது. அலுவலகத்துக்கு ஸ்கூட்டரில்தான் போகிறேன். கல்லிடைக்குறிச்சியில் அம்மாவைப் பார்க்கவும், திருச்செந்தூருக்கும், கல்யாண வீடுகளுக்கும் மட்டும் கார் வெளியே வரும். பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 93 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இந்த ஓட்டத்துக்கு எனக்கு ஆண்டுக்கு 44,000 ரூபாய் ஆகிறது. முன்பு சொன்ன மைத்துனரின் டீசல் வண்டிக்கு 31,000 ஆகும். மிச்சம் 13,000. டீசலுக்காக வாங்கும்போது ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அதை இந்த மிச்சத்தில் மீட்க ஏழரை ஆண்டுக்கு மேல் ஆகும். சர்வீஸ் செலவில் உள்ள வித்தியாசத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை.

இன்னொன்றும் உண்டு. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபிறகு விற்கும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி இருக்கிறது. சைலன்சர் பக்கம் நன்றாகச் சூடேறினால்தான் அதில் சேர்ந்த கரி எரிந்து தீரும். ஊருக்குள்ளேயே மகாராஜநகரில் கிளம்பிச் சமாதானபுரம் வரை போய்த் திரும்புகிறவருக்கு அந்தச் சூடு ஏற நேரம் ஏது? டேஷ்போர்டில் விளக்கு எரிகிறது என்று சர்வீஸ் நிலையத்துக்குப் போனால், நாலுவழிச் சாலையில் மூன்றடைப்பு வரை சீரான வேகத்தில் ஒரு தடவை ஓட்டிவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவார்கள். மைலேஜுக்காக வாங்கிய வண்டியை, அதன் வயிற்றைச் சுத்தம் செய்வதற்காக டீசல் ஊற்றி ஓட்டும் நிலைமை.

நோட்டில் வராத செலவுதான் பெரியது: ஆண்டுக்கு ஆண்டு வண்டியின் மதிப்பு தேய்வது. காப்பீட்டில் ஐடிவி என்று குறிக்கும் மதிப்புக்கு, அதாவது வண்டி முழுதாகப் போனால் கிடைக்கும் தொகைக்கு, ஓர் அட்டவணை உண்டு. அதன்படி முதல் ஆறு மாதத்தில் 5 சதவீதம், ஓராண்டுக்குள் 15, ஐந்தாம் ஆண்டு முடியும்போது 50 சதவீதம் கழிந்துவிடும். சந்தையில் விலை சற்று முன்னே பின்னே இருக்கலாம். கணக்குக்கு இதையே எடுத்துக்கொள்வோம். பத்து லட்ச ரூபாய் வண்டி ஐந்து ஆண்டில் ஐந்து லட்சத்தை இழக்கிறது, அதாவது ஆண்டுக்கு ஒரு லட்சம். 7,000 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு இது கிலோமீட்டருக்கு 14 ரூபாய்க்கு மேல் வருகிறது. என் வண்டி பெட்ரோலுக்குத் தின்பதோ கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் முப்பது காசு. முதல்முறை இதைக் கணக்குப் போட்டபோது தப்பாகப் போட்டுவிட்டோமோ என்று மறுபடியும் போட்டுப் பார்த்தேன்.

இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம் என் மகன். இரண்டு மாதமாக ஓர் எஸ்யூவியின் படத்தைக் கைப்பேசியில் காட்டிக்கொண்டிருக்கிறான். ஆசை எனக்கும் இல்லாமல் இல்லை. உயரமான வண்டியில் உட்கார்ந்து அம்பாசமுத்திரம் சாலையில் போகும் சுகமே தனி. ஆனால் 2023 நவம்பரில் தமிழ்நாட்டில் மாற்றிய ஆயுள்கால வரியை, அதாவது வண்டியைப் பதியும்போது கட்டும் வரியைப் பாருங்கள்: ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம், அதைத் தாண்டினால் இருபது லட்சம் வரை 18 சதவீதம். 9,90,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. விலை இருபதாயிரம் ஏறினால் வரி ஐம்பத்து மூவாயிரம் ஏறுகிறது. மகன் காட்டும் வண்டி சரியாக அந்தக் கோட்டுக்கு மேலே நிற்கிறது.

ஓடாமல் நின்றால் செலவில்லை என்று நினைப்பவர்களுக்கு என் சித்தப்பாவின் கதையைச் சொல்வேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள் வந்தபோது, சிந்துபூந்துறையில் அவருடைய கார் கொட்டகைக்குள் ஸ்டியரிங் வரை முங்கியது. தண்ணீர் வடிந்ததும் நான் போய்ச் சேர்வதற்குள் சாவியைத் திருகிவிட்டார். 'டொக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். சிலிண்டருக்குள் புகுந்த தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. உள்ளே பிஸ்டனைத் தள்ளும் தண்டான கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. இன்ஜினுக்கென்று தனியாகச் சேர்க்கும் பாதுகாப்பு பாலிசியில் இல்லாததால், அந்தச் செலவை ஏற்கக் காப்பீட்டு நிறுவனம் மறுத்துவிட்டது. சேறு படிந்த சீட்டைத் துடைத்தபடி, "நாலு நாளா ஓடவே இல்லையேல, எப்படில போச்சு?" என்று அவர் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. ஆற்றோரம் வீடு உள்ளவர்கள் அந்தச் சிறு தொகையைத் தயவுசெய்து கட்டிவிடுங்கள். முங்கிய வண்டியைச் சாவி போடாமல், பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு இழுத்துக்கொண்டு போங்கள்.

உவரியில் அக்கா வீட்டு வண்டிக்கு வேறு சங்கடம். வாரக்கணக்கில் கடற்காற்றில் நின்று, கதவுகளின் அடிவிளிம்பைத் துரு அரித்துவிட்டது.

என் வண்டிக்குப் போன ஆண்டு சர்வீஸ், பேட்டரி, முன்சக்கரங்களைப் பிடித்திருக்கும் இரண்டு லோயர் ஆர்ம் எல்லாம் சேர்த்து 18,600 ரூபாய் ஆனது. இது பேட்டையில் ஒரு பட்டறைக் கணக்கு. கழற்றிய பழைய உருப்படியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் அங்கே காசு வாங்குவார்கள். பெரிய சர்வீஸ் நிலையம் ஒன்றில் முன்பு கொடுத்த பில்லில், நான் கேட்காத ஏசி கிருமிநீக்கத்துக்கும் அடிப்பாகக் கோட்டிங்குக்கும் சேர்த்து ஒரு தொகை இருந்தது. அதன்பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது எனக்குப் பாக்கி இருப்பது டயர். பக்கவாட்டில் 3019 என்று பொறித்திருக்கிறது, அதாவது 2019ஆம் ஆண்டின் முப்பதாவது வாரம் செய்தது. பட்டன், அதாவது சாலையைப் பற்றும் மேல்வரி, இன்னும் தேயாமல் இருக்கிறது. இன்னும் ஒரு வருஷம் ஓட்டலாம் என்கிறான் மகன். ஆனால் வெயிலில் நின்று நின்று ஓரத்தில் மயிரிழை போல வெடிப்பு ஓடியிருப்பதை நகத்தால் தடவினால் தெரிகிறது. நான்குக்கும் சேர்த்து இருபதாயிரம் என்றார்கள். நோட்டில் அதற்கு ஒரு வரி விட்டுவைத்திருக்கிறேன்.