சீட் (seed) எண்ணைக் குறித்து வையுங்கள்

ஏஐயில் படம் உருவாக்குவது பற்றிய உங்கள் கட்டுரை, ஒரே வரியைக் கொடுத்தாலும் ஒவ்வொரு முறையும் வேறு படம் வருவது ஏஐயின் குறை என்கிறது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

ராயபுரத்தில் பேனர், போஸ்டர் டிசைன் செய்கிறேன். மீனவர் சங்க விழாவுக்காக, காசிமேட்டில் விடியற்காலையில் விசைப்படகு கரை சேரும் படத்தை ஏஐயிடம் கேட்டேன். நாலாவது படத்தில் படகின் மூக்கு நிமிர்ந்து, பக்கத்தில் ஈர வலை குவிந்து, அப்படியே நம்ம ஊர். அந்தப் படத்தின் சீட் எண்ணை, அதாவது ஏஐ அதை உருவாக்கத் தொடங்கிய எண்ணை, குறிக்காமல் மூடிவிட்டேன். அப்புறம் எத்தனை முறை ஓட்டியும் அந்தப் படகு வரவே இல்லை.

ஸ்டேபிள் டிஃப்யூஷன் போன்ற பட ஏஐகளில் படம் வெறும் புள்ளி இரைச்சலில் இருந்துதான் உருவாகிறது. எந்த இரைச்சல் என்பதைச் சீட் எண் முடிவு செய்கிறது. மாடல், வரி, அளவு, சாம்ப்ளர் (இரைச்சலை நீக்கும் முறை), ஸ்டெப் (எத்தனை படியில் நீக்குவது) என எந்த அமைப்பும் மாறாமல் அதே சீட்டைக் கொடுத்தால் அதே படம்தான் வரும். கிராஃபிக்ஸ் கார்டோ மென்பொருள் பதிப்போ மாறினால் லேசாக வித்தியாசப்படலாம்.

இப்போதெல்லாம் முதலில் சீட்டைப் பூட்டாமல் இருபது படம் எடுக்கிறேன். பிடித்ததன் சீட்டைப் பூட்டிவிட்டு, ஒரு சொல்லை மட்டும் மாற்றுவேன். 'விடியல்' என்பதை 'அந்தி' ஆக்கினால் படகு பெரும்பாலும் அங்கேயே நிற்கும், வானம் சிவக்கும். நாம் கொடுத்த வரியைப் படம் எவ்வளவு கறாராகப் பின்பற்ற வேண்டும் என்பதைச் சொல்லும் கைடன்ஸ் அளவை, ஸ்டேபிள் டிஃப்யூஷனில் பலர் 7.5லேயே விடுகிறார்கள். 15க்கு ஏற்றினால் நிறம் கருகி, படங்கள் ஒன்றுபோலவே ஆகிவிடலாம். மிட்ஜர்னி என்ற பட ஏஐயில் படங்கள் வகைவகையாக வேண்டுமென்றால், கேயாஸ் என்ற அளவை 0 முதல் 100 வரை வைக்கலாம்.

கட்டுரையில் சீட் பற்றி இரண்டு வரி சேருங்கள். புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்கு ரொம்ப உதவும்.