தூங்காத அம்மாவும் நம்பாத வீடும்

தாய்மையை வைத்து எழுதப்படும் சைக்கலாஜிக்கல் திரில்லர்கள் இப்போது வரிசைகட்டி வருகின்றன. அட்டையில் ஒரு தொட்டில், பின்னட்டையில் 'கடைசிப் பக்கத்தில் உறைந்துபோவீர்கள்' என்று உத்தரவாதம். நானும் விடாமல் வாங்கிப் படிக்கிற ஆள்தான். ஆனால் பெரும்பாலானவை ஒரே கேள்வியைத்தான் உருட்டுகின்றன: அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டதா, இல்லை பிள்ளைதான் பிசாசா? விடை தெரிந்த மறுநிமிடமே புத்தகம் செத்துவிடுகிறது.

இந்த ரகத்துக்குப் பெயர் வைப்பதற்கு வெகுகாலம் முன்பே இதைச் சரியாகச் செய்தவர் சீலியா ஃபிரெம்லின். இங்கிலாந்துக்காரர். முதல் நாவல் 'தி ஹவர்ஸ் பிஃபோர் டான்' 1958-ல் வந்தது. 1960-ல் குற்றக் கதைகளுக்கான அமெரிக்காவின் எட்கர் விருது பெற்றது. கதை இவ்வளவுதான்: லூயிஸ் என்ற அம்மாவுக்கு இரண்டு மகள்கள், ஓர் ஆண் கைக்குழந்தை. அவன் ராத்திரி முழுக்க அழுகிறான். மாடி அறைக்கு ஒரு பள்ளி ஆசிரியை குடிவருகிறார். அவரிடம் ஏதோ சரியில்லை என்று லூயிஸுக்குத் தோன்றுகிறது. தூக்கமே இல்லாத மூளைக்கு அப்படித் தோன்றுவதில் என்ன அதிசயம் என்று மற்றவர்களுக்குத் தோன்றுகிறது.

மர்மம் என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. கூர்மையான வாசகர் பாதியிலேயே ஊகித்துவிடுவார். அதன் பிறகும் பயம் குறைவதில்லை. பயமே வேறிடத்தில் இருப்பதுதான் காரணம். கணவன் தூக்கம் கெட்டு எரிந்துவிழுகிறான். பக்கத்து வீட்டுக்காரி சத்தம் தாங்கவில்லை என்று புகார் சொல்கிறாள். ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள்; ஒவ்வொரு யோசனைக்குள்ளும் 'உனக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை' என்ற குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. யாரும் வில்லன் இல்லை. எல்லாரும் சேர்ந்து, அவள் எது சொன்னாலும் எடுபடாத ஒரு வீட்டைக் கட்டிவிடுகிறார்கள். நிஜமான ஆபத்து நுழைய அந்த ஒரு வாசல் போதாதா?

இது கற்பனையிலிருந்து மட்டும் வந்ததல்ல. ஃபிரெம்லினின் சொந்தக் குழந்தை ஒன்றும் இரவில் தூங்காத ரகம். நாவலின் விதை அதுதான். அதற்கும் முன்னால், உலகப்போர்க் காலத்தில், மாஸ் அப்சர்வேஷன் என்ற ஆய்வு அமைப்புக்காக ஒரு போர்த் தளவாடத் தொழிற்சாலையில் பெண்களோடு வேலை பார்த்து, அவர்கள் பேசியதையும் சலித்துக்கொண்டதையும் எழுதிவைத்தார். 'வார் ஃபேக்டரி' என்று 1943-ல் நூலாக வந்தது. அந்தக் காதுதான் நாவல்களில் வேலை செய்கிறது என்பது என் கணிப்பு. அவருடைய அடுப்படிப் பேச்சுகளைப் படித்தால் சிரிப்பு வருகிறது (இந்த ரகத்தில் சிரிக்கவைக்கிறவர்கள் எத்தனை பேர்?), சிரித்து முடிப்பதற்குள் வயிற்றைக் கலக்குகிறது.

'அனுபவித்தவர்கள்தான் எழுத முடியும்' என்று இதிலிருந்து யாரும் கிளம்பிவிட வேண்டாம். 'வீ நீட் டு டாக் அபவுட் கெவின்' எழுதிய லயனல் ஷ்ரைவருக்குக் குழந்தைகளே இல்லை. 2005-ல் பெண் எழுத்தாளர்களுக்கான ஆரஞ்சு பரிசு வாங்கிய அந்த நாவல் நிற்பதற்குக் காரணம், மகன் பள்ளியில் பலரைக் கொல்கிறவனாக ஆனதற்குத் தாயின் வெறுப்பு காரணமா, பிறவிக் குணமா என்பதற்குக் கடைசிவரை அது தீர்ப்புச் சொல்லாததுதான்.

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் வருவது வேறொன்றில். பிரசவத்துக்குப் பின் வரும் மனப்பிறழ்வு ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வருவது. உடனடி சிகிச்சை தேவை, சிகிச்சையில் குணமாகக்கூடியது. அதை இப்போதைய திரில்லர்களில் கடைசி அத்தியாயத் திருப்பத்துக்காக நாயகிக்கு ஒரு முகமூடிபோல மாட்டிவிடுகிறார்கள். அதுவரை அந்தப் பெண் சொன்னதையெல்லாம் நம்பிப் படித்த வாசகருக்குக் கிடைக்கும் பாடம், அவளை நம்பியிருக்கக் கூடாது என்பது! லூயிஸின் வீட்டார் செய்ததை இப்போது நாவலே செய்கிறது.

ஃபிரெம்லின் அதன்பின் முப்பது வருடங்களுக்கு மேல் எழுதினார். எல்லாம் ஒரே தரம் இல்லை. மகனைப் பிடித்த பிடி விடாத தாயைப் பற்றிய 'பொசஷன்' (1969) எனக்குப் பிடிக்கும், ஆனால் முதல் நாவலின் இறுக்கம் அதில் இல்லை. தொடங்குகிறவர்கள் முதல் நாவலிலிருந்தே தொடங்குங்கள். கொலையை எதிர்பார்த்து எடுக்காதீர்கள். முன்பாதியில் பால் பாட்டிலும் துவைக்காத துணியும்தான் வரும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் மட்டும் ஒரு வருடம் கழித்துப் படியுங்கள்.