கையெழுத்துக்கு மட்டும் வேண்டுமாம் விவசாயி

எங்கள் நீலகிரி ஓடையைக் காப்பாற்றத் திட்டம் போடுகிறோம் என்று கூட்டம் நடத்தினார்களே, அந்தக் கூட்டத்துப் போட்டோவை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். "அண்ணா, பின்னால சுவரோரம் நிக்கிறது நீங்கதானே?" என்று எனக்கே அனுப்பிக் கேட்கிறார்கள். ஆமாம், நான்தான். நாற்காலி இல்லாமல் இல்லை. இருந்ததில் எல்லாம் பெயர் ஒட்டியிருந்தது, எங்கள் ஹட்டிக்காரர், அதாவது எங்கள் மலைக்கிராமத்து ஆள், ஒருவர் பெயரும் அதில் கிடையாது. கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துவிட்டுப் பந்தியில் இலை போடாத கதைதான்.

ஓடையைக் காப்பாற்றும் திட்டம் என்றார்கள். சரி, நல்ல விஷயம். திரையில் எங்கள் ஓடையின் படம், அதன்மேல் சிவப்பு அம்புக்குறி, கீழே 'விவசாயக் கழிவு' என்று கொட்டை எழுத்து. ஓடையோரம் விவசாயம் செய்கிறவர்கள் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறோம், ஒருவரும் எங்கள் பக்கம் திரும்பவில்லை. டீயும் பிஸ்கட்டும் வந்தது. அப்புறம் ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள். மறுநாள் செய்தியில் 'விவசாயிகளின் பங்களிப்புடன் திட்டம் இறுதி செய்யப்பட்டது' என்று வந்தது. நாங்கள் பங்களித்தது அந்தக் கையெழுத்தைத்தான்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. திட்டம் போட்டு முடித்த பிறகு கூப்பிடாதீர்கள், போடும்போது கூப்பிடுங்கள்.

உடனே சொல்வீர்கள், "மருந்து அடிக்கிறது நீங்கதானே, உங்ககிட்ட என்ன யோசனை கேட்கிறது?" அடிக்கிறோம். இல்லை என்று யார் சொன்னது? யூரியாவும் போடுகிறோம், மக்காத கோழி எருவும் கொட்டுகிறோம், மழை வந்தால் அதில் ஒரு பங்கு ஓடைக்குத்தான் போகிறது. ஆனால் 1961இல் நீலகிரி உருளைக்கிழங்கில் வேரைத் தாக்கும் நூற்புழு இருப்பது தெரிய வந்த பிறகு, விதைக்கும்போதே குருணை மருந்து போடு என்று எங்களுக்குச் சிபாரிசு செய்தது யார்? எங்கள் அப்பாக்கள் அதைக் கனவு கண்டு எழுந்து போட்டார்களா? அன்றைக்குப் போடச் சொன்னதும் மேலிருந்துதான் வந்தது, இன்றைக்கு ஏன் போட்டாய் என்பதும் மேலிருந்துதான் வருகிறது.

ஊட்டி ஏரிக்குள் ஊருக்குள் ஓடிவரும் கோடப்பமந்து கால்வாய் வழியாக என்ன சாக்கடை வருகிறது என்று மூக்கு உள்ள யாருக்கும் தெரியும். அந்தப் படத்துக்கும் ஓர் அம்புக்குறி போட்டிருக்கலாம். போடவில்லை. லாட்ஜ்காரர்கள் பெயர் ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்கள் மனம் புண்படும் இல்லையா?

அன்று வந்த நிபுணர் ஒருவர், "சரிவுக்குக் குறுக்கே பாத்தி போடுங்க, மண் அரிக்காது" என்றார். புத்தகப்படி முழுக்கச் சரி. ஆனால் கார்போகத்துக் கிழங்கு ஜூன், ஜூலை மழையில் நிற்கிறது. குறுக்கே போட்ட பாத்தியில் தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும். அதனால்தான் எங்கள் ஆட்கள் சரிவோடு போடுகிறார்கள், மண் போவது தெரிந்தே போடுகிறார்கள். கொஞ்சம் சாய்வு வைத்துக் குறுக்கே போட்டு, ஓரத்தில் வடிகால் வெட்டி, வடிகாலில் புல் வைத்தால் இரண்டும் நடக்கும். எங்கள் அப்பா கீழ்மேட்டில் அப்படித்தான் வைத்திருந்தார். ஓடையோரமாக ஓர் அகலத்துக்கு மண்வெட்டியே படாது, மாட்டுக்குப் புல் அங்கேதான் அறுப்போம். ஓடையைக் காப்பாற்ற வேண்டும் என்று அவர் அதைச் செய்யவில்லை, மாட்டுக்காகச் செய்தார். மாடு போனது, புல்லும் போனது. இப்போது ஹட்டியில் பாதி நிலம் குத்தகை. ஒரு போகத்துக்கு எடுத்தவன் கடைசி அடி வரைக்கும் கேரட்தான் விதைப்பான். அடுத்த வருடம் யாருக்குப் போகுமோ தெரியாத நிலத்தில் மண் அரிக்காமல் இருக்க அவன் எதற்குக் கல் கட்ட வேண்டும்? இந்தக் குத்தகை விஷயம் அந்தத் திட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால்தான் சிலருக்கு ஏறும், அதையும் சொல்கிறேன். நியூயார்க் நகரத்துக்குக் குடிதண்ணீர் பெரும்பாலும் கேட்ஸ்கில் மலைப்பக்கத்திலிருந்து போகிறது. 1990களின் தொடக்கத்தில் நகரம் கடுமையான விதிகளைக் கொண்டுவரப் பார்த்தது, மேலே மாடு வளர்க்கிறவர்கள் கொதித்துப் போனார்கள். அப்புறம் உட்கார்ந்து பேசி, 1993இல் விவசாயிகளே முன்னின்று நடத்தும் ஒரு கவுன்சில் அமைந்தது. ஒவ்வொரு பண்ணைக்கும் தனித்தனித் திட்டம், சேருவது அவரவர் விருப்பம். சாணக் கிடங்குக்கும் ஓடையோர வேலிக்கும் நகரம் பணம் கொடுத்தது. தர்மத்துக்கு இல்லை. பெரிய வடிகட்டு நிலையம் கட்டினால் ஆகும் செலவைப் பார்த்து, இதுவே மலிவு என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது.

இங்கே? குந்தா பக்கம் பெய்யும் மழை பில்லூர் அணை வழியாகக் கோயம்புத்தூர்க் குழாயில் வருகிறது. எங்கள் பள்ளத்துத் தண்ணீர் பவானிக்குப் போய் பவானிசாகரில் நிறைந்து ஈரோட்டு வயலுக்குப் பாய்கிறது. கீழே இருக்கிற யாராவது மேலே ஒரு தடுப்புச் சுவருக்கு, ஒரு வண்டல் தொட்டிக்குப் பணம் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. "எங்க வரிப்பணத்தை உங்களுக்கு ஏன் தரணும்" என்று ஒரு நண்பர் போன பதிவிலேயே கேட்டார். தர வேண்டாம் சார். குடிக்கும்போது மட்டும் எங்களைத் திட்டாதீர்கள்.

மண்டியில் விலை விழுந்தால் எந்த ஹாலிலும் கூட்டம் இல்லை, சிவப்பு அம்புக்குறியும் இல்லை. என் பையன் கோயம்புத்தூரில் வேலைக்குப் போய்விட்டான். "இந்த மலையில உனக்கு என்ன மரியாதை இருக்குப்பா" என்று அவன் கேட்டபோது நான் கத்தினேன். அந்தப் போட்டோவை அவனும் பார்த்திருப்பான்.

அடுத்தது கேரட் கழுவும் மெஷின். ஓடையோரம் வைக்காதே, சீல் வைப்போம் என்கிறார்கள். வைக்கட்டும். விடியுமுன் தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பிடுங்கின கேரட்டை மண்ணோடு மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்பினால் என்ன விலை சொல்வார்கள் என்று அந்த நிபுணரே ஒருநாள் லாரியில் வந்து பார்க்கட்டும். பளபளவென்று வேண்டும் என்று கேட்டது கடைக்காரர், அவரிடம் கேட்டது நீங்கள். கழுவின தண்ணீரைத் தொட்டியில் நிறுத்தி, மண் படிந்த பிறகு விடலாம், அதற்கு இடமும் சிமெண்டும் வேண்டும். இதையும் அன்றைக்குச் சொல்லத்தான் கை தூக்கினேன். "நேரமில்லை, எழுதிக் கொடுங்க" என்றார்கள்.

கமெண்ட்டில் 'விஷ விவசாயி' என்று எழுதப் போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். "அண்ணா, ஊட்டி கேரட் ஒரு மூட்டை அனுப்புங்க, நல்லா கழுவினதா" என்று உங்களில் யார் யார் கேட்டீர்கள் என்பது என் இன்பாக்ஸில் இன்னும் இருக்கிறது.