ஸ்பிரிங்கை வெட்டினால் டிரிகர் சரியாகிவிடுமா?

"ரைபிள் டிரிகர் கனமாக இருந்தால் ஸ்பிரிங்கில் 2 சுற்று வெட்டி, சியரை (டிரிகரை இழுக்கும்வரை சுடும் ஊசியைப் பிடித்து வைக்கும் பாகம்) உப்புத்தாளால் தேயுங்கள்" என்றொரு தகவல் சுற்றுகிறது. தவறு. லேசாகும்தான், வினையே அதில்தான். பல சியர்களில் கடினப்படுத்திய மேல்பரப்பு மிக மெல்லியது. அது போனால் விளிம்பு மழுங்கி, போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் பாகம்) அறைந்து மூடும்போதே தோட்டா தானாக வெடிக்கலாம். வெட்டிய ஸ்பிரிங்கோ டிரிகரை முழுதாகத் திருப்பித் தள்ளாது.

சொரசொரப்பான இழுவைக்குப் பல நேரம் காய்ந்த எண்ணெய்ப் பிசுக்கே காரணம். முதலில் சேம்பர் (தோட்டா அமரும் அறை) காலியா எனக் கண்ணாலும் விரலாலும் பார்த்துவிட்டுச் சுத்தம் செய்யுங்கள். சரிசெய்யும் திருகு இருந்தால், கையேடு சொல்லும் எல்லைக்குள் கொஞ்சங்கொஞ்சமாகத் திருப்பி, இழுக்கத் தேவையான பலத்தை இழுவைத் தராசில் பலமுறை அளந்து பாருங்கள்.

பிறகு சோதனை: காலி ரைபிளின் போல்ட்டை வேகமாக மூடுங்கள், துப்பாக்கிக் கட்டையை (தோளில் வைக்கும் பகுதி) ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள், சேஃப்டி (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டு டிரிகரை இழுத்துவிட்டு, விரலை எடுத்தபின் சேஃப்டியை விலக்குங்கள். எதிலாவது சுடும் ஊசி விடுபடும் 'டிக்' சத்தம் கேட்டால் தோட்டா போடாமல் துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுங்கள்.