கோணல் பப்பைக் கோணலாகவே கட்டித் தர வேண்டும்

இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில், ஹிம்லி கிராமத்துப் பக்கம் இருந்த 'க்ரூக்கட் ஹவுஸ்' (கோணல் வீடு) பப்பைத் தரைமட்டமாக்கியது எனக்கு இன்னும் ஆறவில்லை.

1765-இல் பண்ணை வீடாகக் கட்டியது. அடியில் நிலக்கரி தோண்டத் தோண்ட மண் உள்வாங்கி, கட்டடத்தின் ஒரு பக்கம் ஏறக்குறைய 4 அடி இறங்கிவிட்டது. 1830 வாக்கில் பப் ஆனது. 1940-களில் ஆபத்தான கட்டடம், இடித்துவிடலாம் என்று முடிவான பிறகு, ஒரு மதுவடி ஆலை அதை வாங்கி முட்டுச்சுவர் எழுப்பி, இரும்பு கொடுத்து நிறுத்தியது. நிமிர்த்தவில்லை, சாய்ந்தது சாய்ந்தபடியே! அந்த முடிவு எடுத்தவர்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

உள்ளே சுவர், கதவுநிலை, ஜன்னல் எல்லாம் சாய்ந்திருந்ததால் கண் அதையே நேர் என்று எடுத்துக்கொள்ளும். மேசையில் கோலிக்குண்டை விட்டால் மேட்டைப் பார்த்து ஓடுவதுபோல் தெரியும். உண்மையில் அது பள்ளத்துக்குத்தான் ஓடும். தூக்குக்குண்டுபோல நேராக நின்ற கடிகாரம்தான் கோணலாகத் தெரியும். எந்தக் கட்டடக் கலைஞரும் வரைந்து கொடுத்ததல்ல இது. சுரங்கத் தொழிலாளிகள் மண்ணுக்கடியில் பட்ட பாடு மேலே இப்படி வந்து நின்றது.

2023 ஜூலையில் கட்டடம் கைமாறியது. ஆகஸ்ட் 5 இரவு தீ. 7-ஆம் தேதி எஞ்சியதையும் இடித்துத் தள்ளினார்கள், ஒன்றுமே மிச்சமில்லை. முழுதாக இடிக்க நாங்கள் சம்மதிக்கவில்லை என்றது உள்ளூர் கவுன்சில். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களின் பட்டியலில் சேர்க்கச் சொல்லி ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்புக்குத் தீப்பிடிக்கும் முன்பே மனு போயிருந்தது. வயிறு எரிவது அதனால்தான். வேல்ஸில் ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கக் கருத்துக் கேட்கத் தொடங்கியதுமே அதற்குத் தற்காலிகப் பாதுகாப்பு வந்துவிடும். இங்கிலாந்தில் அப்படித் தானாக வருவதில்லை. மனு போட்ட நாளிலிருந்தே பாதுகாப்பு என்று அங்கே சட்டம் வரவேண்டும்.

2024 பிப்ரவரியில் கவுன்சில், தீக்கு முன் இருந்தபடியே திரும்பக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டது. சாய்த்துக் கட்டினால் போலிதானே என்கிறார்கள் சிலர். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். லண்டனில் 2015-இல் அனுமதியில்லாமல் இடித்த கார்ல்டன் டாவர்ன் பப்பை, முன்பே எடுத்துவைத்திருந்த அச்சுகளையும் பதிவுகளையும் வைத்துக் கட்டி 2021-இல் திறந்தார்கள். அங்கே முடிந்தது இங்கேயும் முடியும். மீட்ட செங்கற்கள் இருக்கின்றன, படங்கள் ஏராளம்.

சரி, வேறு இடத்தில் கட்டலாமே என்றால், அதுவும் கூடாது. நிலக்கரிச் சுரங்கம் ஓடியது அந்த மண்ணுக்கு அடியில்தான்.